முப்பது வருடத்து மரம்

ஈப்போக்காரர்களிடம் கடலுக்குப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள், லுமுட் என்பார்கள். தெலுக் பாத்தேக் மணல், அங்கிருந்து ஃபெரி ஏறினால் பங்கோர் தீவு. பள்ளிப் பிள்ளைகளை வருடா வருடம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் வந்தவள் நான். அந்தக் கரையில் எத்தனை மணிக்கு எந்த மரத்தடியில் நிழல் விழும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கடல் என்றால் அது வேறு இடம். தைப்பிங்கைத் தாண்டி, மாத்தாங்கைத் தாண்டி, சாலை போய் முடிகிற இடத்தில் இருக்கிறது கோலா செபெத்தாங். மணல் கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை சேறும், பாக்காவ் என்ற சதுப்புநில மரக் காடும்தான். அதன் பழைய பெயர் போர்ட் வெல்ட். அவர் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்.

1994 ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய ஹோண்டா கப்சாயில் பின்னால் உட்கார்ந்து முதல் முறை அங்கே போனேன். பெரியவள் பிறக்கும் வரை ஏழெட்டுத் தடவையாவது போயிருப்போம். அப்புறம் வீட்டுக் கடன், பிள்ளைகளின் டியூஷன், மாமியாரின் ஆஸ்பத்திரி நாட்கள் என்று வரிசையாக வந்ததில் இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. 2024இல் முப்பதாவது ஆவணி வந்தது. கோலாலம்பூரில் இருக்கும் மகள் பெரிய ஹோட்டலில் சாப்பாடு வைக்கிறேன் என்றாள். இவர் போனை என் கையிலிருந்து வாங்கி, "அதெல்லாம் தீபாவளிக்குப் பார்த்துக்கலாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், போர்ட் வெல்ட் போயிட்டு வருவோமா?"

கல்யாணமான நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

எங்கள் வீடு ஜெலாப்பாங்கில் ஒரு தாமானில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு ஜெலாப்பாங் என்றால் ஒரு காலத்தில் டோல் சாவடிதான் நினைவுக்கு வரும். வடக்கிலிருந்து மெனோரா சுரங்கத்தைக் கடந்து மலைச்சரிவில் இறங்கி வரும் நெடுஞ்சாலை அந்தச் சாவடியில்தான் வந்து நிற்கும். பிரேக் பிடிக்காத லாரிகளால் அங்கே நடந்த விபத்துகளை எங்கள் பகுதியில் மறந்தவர் யாரும் இல்லை. பிறகு சாவடியை எடுத்துவிட்டார்கள். அந்த நெடுஞ்சாலையில் ஏறினால் தைப்பிங் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நான் பழைய சாலையில்தான் போக வேண்டும் என்றேன். மோட்டாரில் போன வழி அதுதானே. செம்மோர், சுங்கை சிப்புட், கோலகங்சார், பாடாங் ரெங்காஸ் என்று ஊர் ஊராக உட்கார்ந்து போகிற வழி.

காலையில் வீட்டிலேயே தோசை சாப்பிட்டுப் பசியாறிவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பினோம். முந்தின நாளே புந்தோங்கில் கச்சாங் பூத்தே இரண்டு பொட்டலம் வாங்கி வைத்திருந்தேன். புந்தோங் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலையும் முறுக்கும் வறுத்து நாடெங்கும் அனுப்புகிறவர்கள். முன்பு போனபோதெல்லாம் அந்தக் காகிதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டுகிறவர் வாயில் பின்னாலிருந்து கையை நீட்டி ஒவ்வொரு கடலையாகப் போட்டிருக்கிறேன். இப்போது காடியில் பக்கத்தில் உட்கார்ந்தே கொடுக்கலாம்.

செம்மோருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் நடுவில் நான் பிறந்த தோட்டம் இருந்தது. கித்தாத் தோட்டம். விடியற்காலை அப்பா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போவார், அம்மா மங்கு துடைக்கப் பின்னாலேயே போவார். நான் படித்து வேலைக்கு வந்த காலத்தில் மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். பிறகு அதுவும் போய் வீடுகள் வந்தன. லயங்கள் நின்ற இடத்தில் இன்று இரட்டை மாடி வீடுகள் நிற்கின்றன. மாரியம்மன் கோயில் மட்டும், சுற்றிலும் மண் உயர்ந்துவிட்டதால், பள்ளத்தில் இருக்கிறது. காடியை நிறுத்தி ஒரு சூடம் ஏற்றினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றார். பேச எதுவும் இல்லை.

பால்மரத்துக்கும் ஒரு வயது உண்டு. இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுக்கும், பிறகு வெட்டி மறுநடவு செய்ய வேண்டும். மறுநடவு என்ற சொல்லைத்தான் நான் சின்ன வயதில் அதிகம் கேட்டிருப்பேன். மரம் மறுபடி வரும் என்றால் வேலையும் வரும், வேலை வந்தால் லயமும் இருக்கும் என்பது அதன் பொருள். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. அப்போது தொழிலாளர்களிடமே பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன். எங்கள் அப்பாவும் அதில் பங்கு சேர்ந்தவர். எங்கள் தோட்டம் அந்தக் கணக்கில் வரவில்லை. எங்கள் இடத்தில் கடைசியில் மறுநடவு ஆனது மரம் இல்லை, வீடு. அந்த வீடுகளை வாங்க லயத்துச் சனங்களிடம் பணம் இல்லை.

கோலகங்சாரில் ஒரு மரத்தைப் பார்க்க இறங்கினோம். மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில், வேலி போட்டு, பலகை வைத்து நிற்கிறது. 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் மிஞ்சியது அது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அங்கிருந்து இலங்கைக்குப் போனவை போக, சிங்கப்பூருக்கு வந்த கன்றுகள் 22. அவற்றில் ஒன்பதைப் பேராக் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் தம் வீட்டுத் தோட்டத்தில் நடவைத்தார். பட்டையைச் சேதப்படுத்தாமல் தினமும் கீறிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி கண்டுபிடித்த பிறகுதான் காடுகள் தோட்டங்களாக மாறின, கப்பல் கப்பலாக நம்மவர்களும் வந்து இறங்கினார்கள். என் பாட்டனும் பாட்டியும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதற்கு இந்த மரம் ஒரு காரணம்.

வேலிக்கு மேலே கையை நீட்டிப் பட்டையைத் தொட்டேன். தோட்டத்து மரம் கத்தி பட்டுப் பட்டு வழவழப்பாக இருக்கும். இது கிழவியின் முழங்கை மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கிறது. இவ்வளவு பெருத்த பால்மரத்தை எங்கள் தோட்டத்தில் யாரும் கண்டதில்லை. அங்கே முப்பது வயதுக்கு மேல் எந்த மரத்தையும் விட்டுவைக்கவில்லை.

பாடாங் ரெங்காஸ் தாண்டி புக்கிட் பெராப்பிட் ஏறியதும் அவர் கலகலப்பாகிவிட்டார். அவர் ரயில்வேக்காரர். அவர் அப்பாவும் ரயில்வேதான், தைப்பிங்கில் பாதை கேங்கில் வேலை. குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு எந்த மலையைப் பார்த்தாலும் அதைக் குடைந்த சுரங்கம்தான் கண்ணில் படும். பெராப்பிட் மலைக்குள் மின்ரயில் இரட்டைப் பாதைக்காகக் குடைந்த 3.3 கிலோமீட்டர்ச் சுரங்கத்தைப் பற்றி மலை இறங்கும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். நான் கடலையை உரித்து நீட்டிக்கொண்டே வந்தேன்.

தைப்பிங்கில் அதிக நேரம் நிற்கவில்லை. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளை அழகுபடுத்திய ஏரிப் பூங்காவில், தண்ணீர் வரை கிளையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் கீழ் ஒரு சுற்று நடந்தோம். அவருக்கு முழங்கால் வலி. பாதிச் சுற்றிலேயே பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார். பேராக்கிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் அது, ஆனால் அன்று வெயில் அடித்தது. பிறகு சிம்பாங் வழியாக மாத்தாங். தைப்பிங்கைச் சுற்றிய லாருட்டின் ஈயத்தை ஆண்ட ஙா இப்ராஹிமின் கோட்டை வீடு அங்கே இன்று அருங்காட்சியகம். 1875இல் பாசிர் சாலாக்கில் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்ட வழக்கை அங்கேதான் விசாரித்தார்கள். வாசலில் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தோம். அவருக்கு அவசரம், போர்ட் வெல்ட் பலகையைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. கடைத்தெருவின் நடுவில், தண்டவாளம் இல்லாத இடத்தில் ரயில் நிலையப் பலகை மட்டும் தனியே நிற்கிறது. ரோமன் எழுத்திலும் ஜாவியிலும் சீனத்திலும் தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது. டிக்கெட் கொடுத்த சின்ன அறையும் பக்கத்தில் மிஞ்சியிருக்கிறது. மலாயாவின் முதல் ரயில் பாதை இங்கேதான் வந்து நின்றது. தைப்பிங்கிலிருந்து இந்தத் துறை வரை எட்டு மைல், அதாவது 13 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1885 ஜூன் 1ஆம் தேதி திறந்தார்கள். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த சர் ஃபிரெடெரிக் வெல்டின் பெயரைத் துறைக்கு வைத்தார்கள். அதுவரை லாருட்டின் ஈயத்தை யானையும் மாட்டு வண்டியும் சுமந்தன. மழை பெய்தால் பாதை சேறாகிவிடும், கப்பல் காத்திருக்கும். அந்தக் கஷ்டத்துக்குத்தான் இந்த எட்டு மைல்.

இந்தப் பாதையைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து அழைத்து வரப்பட்ட 'சிலோன் பயனியர்' படையினர். பிறகு பாதை நாடெங்கும் நீண்டபோது நிலையத் தலைவர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். மண்வெட்டியும் கடப்பாரையும் பிடிக்கத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து என் மாமனாரின் அப்பா போன்றவர்கள் வந்தார்கள். பாதை பிறை வரை போய்ப் பினாங்குத் துறைமுகத்தைத் தொட்டதும் போர்ட் வெல்டுக்கு வேலை குறைந்துவிட்டது. கடைசியில் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள்.

"எங்கப்பா இந்தக் கட்டைய மாத்த வருவாரு டீச்சர். நான் சோத்துத் தூக்க எடுத்துக்கிட்டுத் தண்டவாளத்து மேலேயே நடந்து வருவேன். அந்தப் பலகை தெரிஞ்சதும் ஓடுவேன்."

முதல் முறை வந்தபோதும் இதே இடத்தில் இதே வார்த்தைகளைச் சொன்னார். அன்று எனக்கு அது விளங்கவில்லை. புதுப் பெண்டாட்டிக்குக் கடல் காட்டுகிறேன் என்று கூட்டி வந்தவர், ரயில் இல்லாத ஒரு ரயில் பலகையைக் காட்டினார். அதற்கு அப்புறம் சேற்றைக் காட்டினார். தண்ணீர் வற்றியிருந்த நேரம். ஆறு கறுத்துக் கிடந்தது, சேற்றில் சின்னச் சின்ன மீன்கள் காலிருப்பதுபோல் துள்ளிக்கொண்டிருந்தன, காற்றில் பெலாச்சான் வாசம். நான் பட்டுப்பாவாடைக் காலத்திலிருந்து கனவு கண்ட நீலக் கடல் எங்கே என்று மனம் கேட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை. கண் கலங்கியதை அவர் கவனித்துவிட்டார். "இப்ப வத்தம். நாலு மணிக்குத் தண்ணி ஏறும், இரு," என்றார். இருந்தோம். ஏறியது. சேறு மறைந்து, வீடுகளின் கால்கள் மறைந்து, காட்டின் வேர்கள் எல்லாம் மறைந்து, மரங்கள் நேராகத் தண்ணீரிலேயே நின்றன. அன்று நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? வெறுங்காலோடு நின்ற ஒருத்தி சேலை கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

மதியம் உடாங் மீ சாப்பிட்டோம். இறால் தலையை வேகவைத்த சாற்றில் மஞ்சள் மீ, மேலே முழு இறால்கள். முன்பு இங்கே கெராங் சிப்பியும் மலிவாகக் கிடைக்கும், சேற்றுக் கரையில் விதைத்து வளர்ப்பார்கள். இப்போது விளைச்சல் குறைந்துவிட்டது என்றார் கடைக்காரம்மா. விலையைக் கேட்டதுமே எனக்கு அது புரிந்தது.

சாப்பிட்டுவிட்டுக் கரிக்கொட்டகைக்குப் போனோம். கோலா செபெத்தாங்குக்கு வருகிறவர்கள் இதைப் பார்க்காமல் போகக் கூடாது என்பது என் கருத்து. வாய்க்கால் ஓரமாக நீண்ட அத்தாப்புக் கொட்டகைகள். உள்ளே இருட்டு. கண் பழகியதும் பெரிய பெரிய சூளைகள் தெரிகின்றன, கவிழ்த்து வைத்த மண்பானைகள் மாதிரி. ஒவ்வொன்றும் ஒரு வீட்டு உயரம். தண்ணீர் ஏறும்போது படகுகள் பாக்காவ் கட்டைகளை வாய்க்கால் வழியாகக் கொட்டகை வாசலுக்கே கொண்டு வருகின்றன. பட்டையை அடித்து உரித்து, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான கட்டைகளைச் சூளைக்குள் நிற்க வைத்து அடுக்குகிறார்கள். ஒரு சூளைக்கு ஏறக்குறைய 40 டன் பச்சை மரம்.

நான் நினைத்தது வேறு. மரத்துக்குத் தீ வைத்து எரித்துக் கரி எடுப்பார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். அப்படி எரித்தால் மிஞ்சுவது சாம்பல்தான். தீ சூளை வாசலில் எரிகிறது, உள்ளே போவது வெக்கை. பத்து நாள் பெரிய தீ. மரத்தில் இருக்கும் தண்ணீரெல்லாம் ஆவியாகித் துவாரங்கள் வழியே வெளியேறும். பிறகு வாசலைச் சிறிதாக்கி இரண்டு வாரம் சின்னத் தீ. அதன்பின் எல்லாத் துவாரங்களையும் களிமண்ணால் அடைத்து, காற்றுப் புகாமல் ஒரு வாரம் ஆறவிடுவார்கள். இட்லி வேகிற கணக்குத்தான், ஒரு மாதம் பிடிக்கிற இட்லி. 40 டன் மரம் ஏறக்குறைய 10 டன் கரியாகிறது. ஜப்பானுக்குக்கூட ஏற்றுமதியாகிறது.

உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் சீனப் பெரியவரிடம் கேட்டேன். அவர் மூக்கைத் தொட்டுக் காட்டினார். வெளியே வரும் ஆவியின் வாசம் மாறும், அதை வைத்துத்தான் அடுத்த கட்டம். என்னையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். லேசான புளிப்பு, அதற்கடியில் புகை. எனக்குச் சட்டென்று அப்பா வந்து நின்றார். கடைசிக் காலத்தில் தோட்டத்தில் அவருக்குப் புகைக்கொட்டகை வேலை. ரப்பர்த் தாள்களைக் கழியில் தொங்கவிட்டு நாள் கணக்கில் புகை போட்டுக் காயவைப்பார்கள். அவர் சட்டையில் எத்தனை முறை துவைத்தாலும் போகாத ஒரு வாசம் இருக்கும். ஏறக்குறைய இதே வாசம். அவர் போய்ப் பதினெட்டு வருடமாகிறது. நான் அந்தச் சூளைப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கும் அந்தச் சட்டையைத் தெரியும்.

பெரியவர் எங்களைப் பார்த்து, "பெராப்பா தாஹுன் சுடா காவின்?" என்று கேட்டார். கல்யாணமாகி எத்தனை வருடம் என்று அர்த்தம். முப்பது என்றோம். சிரித்தார். வாசலில் அடுக்கியிருந்த கட்டைகளைக் கையால் தட்டி, "சாமா," என்றார். இதுவும் அதேதான்.

அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. மாத்தாங் பாக்காவ் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதைப் பாதுகாப்புக் காடாக்கி, வெட்டுவதற்குக் கணக்கு வைத்தார்கள். இன்று நடக்கும் கணக்கு முப்பது வருடம். காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒரு பாத்தியை வெட்டினால் அடுத்த முப்பது வருடத்துக்கு அங்கே பெரிய வெட்டு கிடையாது. வெட்டிய இடத்தில் தானாக முளைப்பது போதவில்லை என்றால் நாற்று நடுகிறார்கள். பதினைந்தாம் வருடம் நெருக்கத்தைக் குறைக்க ஒரு வெட்டு. அதற்கு அளவுகோல் ஒரு குச்சிதான். நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்து, நான்கடிக் குச்சியை அதைச் சுற்றிச் சுழற்றி, குச்சிக்குள் வருகிற மற்ற மரங்களை எடுத்துவிடுவார்கள். இருபதாம் வருடம் அதையே ஆறடிக் குச்சியால் செய்வார்கள். எடுத்த கழிகள் கட்டட வேலைக்குப் போகும். மிஞ்சிய மரம் இடம் கிடைத்துப் பருக்கும். முப்பதில் சூளைக்கு வரும். அப்படிப் பார்த்தால், அந்த வாசலில் கிடந்த கட்டைகள் நாங்கள் கப்சாயில் வந்து இறங்கிய காலத்தை ஒட்டிச் சேற்றில் ஊன்றிய நாற்றுகள்.

நான் மலைத்துப்போனேன். என் தோட்டத்து மரங்களுக்கும் இதே வயதுதான் கணக்கு. அதே வெள்ளைக்காரன் காலத்தில், அதே மாநிலத்தில் எழுதிய கணக்கு. ஒன்றில் வெட்டிய இடத்திலேயே மறுபடி அதே மரம் நிற்கிறது, நூறு வருடத்துக்கு மேலாக. இன்னொன்றில் மரமும் இல்லை, மரத்தை நம்பியிருந்தவர்களும் அங்கே இல்லை. பெரியவரின் அப்பாவும் இந்தக் கொட்டகையில் வேலை செய்தவராம். தம் மகனுக்கு இந்த வேலையில் விருப்பம் இல்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்தது.

பக்கத்தில் வனத்துறை போட்ட மரப்பாதையில் காட்டுக்குள் நடக்கலாம். பாக்காவ் மரத்தின் வேர்கள் தண்டிலிருந்தே கிளம்பி வளைந்து, முட்டுக்கொடுத்த மாதிரி சேற்றில் இறங்குகின்றன. பிச்சாவரத்தில் இந்தக் குடும்பத்து மரத்தைச் சுரபுன்னை என்பார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகுதான் பிச்சாவரத்துக் காட்டின் அருமையைத் தமிழ்நாடு முழுவதும் பேசியது. அலையின் வேகத்தை இந்த வேர்கள் தடுத்து உடைக்கும், கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மீனும் இறாலும் நண்டும் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்வதும் இந்த வேர்களுக்குள்தான். மதியம் நாங்கள் சாப்பிட்ட இறாலும் இந்தக் காட்டின் நிழலில் வளர்ந்ததுதான்.

இந்த மரத்தின் விதை கீழே விழுந்து முளைப்பதில்லை. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீண்டு, முனை கூராகி, கனம் வந்த பிறகுதான் விழுகிறது. வற்றத்தில் விழுந்தால் சேற்றில் குத்தி நின்றுவிடும். தண்ணீர் ஏறிய நேரத்தில் விழுந்தால் மிதந்துபோய் வேறு கரையில் வேர் பிடிக்கும். பாதைப் பலகையில் அப்படி ஒன்று விழுந்து கிடந்தது. மிதிபட்டுவிடும் என்று அவர் குனிந்து, முழங்கால் வலியோடுதான், அதை எடுத்துக் கைப்பிடிக்கு வெளியே சேற்றை நோக்கிப் போட்டார். சாய்வாகக் குத்தி நின்றது.

"2054," என்றேன்.

"எனக்குத் தொண்ணூத்திரெண்டு. உனக்கு?"

"எண்பத்தெட்டு."

"வரலாம்," என்றார். சும்மா சொல்லவில்லை. மனிதர் அதை மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார் என்பது எனக்கு நடையிலேயே தெரிந்தது.

நாலரைக்குத் தண்ணீர் ஏறியதும் படகில் போனோம். முகத்துவாரத்தில் மீன்கூண்டுகள், தூண்களின் மேல் நிற்கும் கோலா சங்கா மீனவர் வீடுகள். படகுக்காரர் கோழித் தோலைத் தண்ணீரில் வீசினார். செம்பழுப்பு இறக்கையும் வெள்ளைக் கழுத்துமாகப் பறவைகள் காட்டிலிருந்து கூட்டமாக இறங்கின. சுற்றுலாக்காரர்கள் கழுகு என்று கத்தினார்கள். நான் பார்த்தது கருடனை. ஒன்றைக் கண்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள், முப்பது நாற்பதை ஒன்றாகக் கண்டால் என்ன செய்வேன்? இரண்டு கையாலும் போட்டுக்கொண்டேன். படகில் இருந்த ஒரு மலாய்க் குழந்தை என்னைப் பார்த்துத் தன் கன்னத்திலும் போட்டுக்கொண்டது.

இருட்டியதும் ஆற்றின் மேல்பக்கம் கம்போங் டியூவில் மின்மினி பார்க்கப் போனோம். உப்பு குறைந்த தண்ணீர் ஓரத்தில் பெரெம்பாங் மரங்கள் நிற்கும். மின்மினிகளுக்கு அந்த மரம்தான் வேண்டும். படகின் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். முதலில் தனித்தனியாகக் கண் சிமிட்டின. கொஞ்ச நேரத்தில் ஒரு மரம் முழுவதும் ஒரே நேரத்தில் எரிந்தது, ஒரே நேரத்தில் அணைந்தது. ஆண் பூச்சிகள் பெண் பூச்சிகளை அழைக்கிற முறை அது. அன்றும் பார்த்தோம், அன்று அவர் என் கையைப் பிடிக்க வெட்கப்பட்டார். இப்போது இருட்டில் படகு ஆடுகிறது, எனக்கு இடறும் என்று பிடித்திருந்தார்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில்தான் வந்தோம். மெனோரா சுரங்கத்தைக் கடந்து சரிவில் இறங்கினால் கீழே ஈப்போவின் விளக்குகள். பழைய சாவடி இருந்த இடத்தில் நிற்காமல் வந்துவிட்டோம். வீட்டை அடையும்போது மணி பத்தரை. பின்சீட்டில் ஒரு கிலோ சிறிய இறால், ஒரு செனாங்கின் மீன், கரிக்கொட்டகையில் வாங்கிய ஐந்து கிலோ கரி.

மறுநாள் காலை பின்கட்டில் ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். பழைய மண்ணடுப்பைக் கழுவி வைத்துவிட்டு, இரண்டு கரித்துண்டுகளைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக வெந்த கரி அப்படித்தான் ஒலிக்கும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். கிண்ணம் தட்டின மாதிரி, கணீரென்று.

"கேட்டியா டீச்சர்?" என்றார். "சரி, மீன எடுத்துட்டு வா."